வந்து மறையும் பிழை

1986 மார்ச் 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரின் புற்றுநோய் மையம். முதுகில் இருந்த கட்டிக்காக ஒன்பதாவது தடவையாகக் கதிர்வீச்சு சிகிச்சைக்கு வந்தவர் மேசைமேல் குப்புறப் படுத்திருந்தார். அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்த பெண் ஆபரேட்டர் கணினியில் விவரங்களைத் தட்டத் தொடங்கினார். அங்கே பெரும்பாலானவர்களுக்கு எக்ஸ்ரே சிகிச்சைதான் நடக்கும். கைப்பழக்கத்தில் ‘எக்ஸ்’ என்ற எழுத்து விழுந்துவிட்டது. இவருக்குத் தரவேண்டியது எலக்ட்ரான் கற்றை. விழுந்திருக்க வேண்டிய எழுத்து ‘இ’. அந்தப் பெண் அனுபவசாலி. தவறு உடனே கண்ணில் பட்டது. மேல் அம்புச் சாவியால் அந்த வரிக்குப் போய்த் திருத்தினார், மற்ற வரிகளெல்லாம் சரியாக இருந்ததால் விறுவிறுவென்று தாண்டி வந்தார், கற்றையைத் திறக்கும் சாவியை அழுத்தினார்.

மெஷின் நின்றது. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று ஒரு வரி. கொடுக்கவேண்டிய அளவில் துளிதான் போயிருப்பதாகக் கணக்கும் காட்டியது. அந்த மெஷின் இப்படி எதையாவது சொல்லிவிட்டு நிற்பது வழக்கம். தொடர்வதற்கான சாவியை அழுத்தினார்.

உள்ளே படுத்திருந்தவர் முதல் தடவையே முதுகில் கொதிக்கும் காபியைக் கொட்டியதுபோல் துடித்திருந்தார். எழுந்திருக்க முயன்றபோது இரண்டாவது வீச்சு கையில் பாய்ந்தது. அறையைக் கவனிக்கும் கேமரா அன்று இணைக்கப்படவில்லை, ஒலிபெருக்கியும் பழுது. அவர் ஓடிவந்து கதவைத் தட்டியபோதுதான் வெளியே தெரிந்தது. அவருக்கு எழுதியிருந்த அளவு 180 ராட். உடம்பில் ஒரு சிறு இடத்தில், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பாய்ந்தது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார்.

மெஷினின் பெயர் தெராக்-25. செய்தது கனடா அரசுக்குச் சொந்தமான அணுசக்தி நிறுவனம். மறுநாளே அவர்களுடைய பொறியாளர்கள் வந்து நாள் முழுக்கச் சோதித்தார்கள். ஒரு தடவைகூட 54 வரவில்லை. இந்த மெஷினால் கூடுதல் கதிர்வீச்சு கொடுக்கவே முடியாது என்றார்கள். ஒருவேளை மின்சாரம் தாக்கியிருக்கலாம் என்றார்கள். வெளியிலிருந்து ஒரு பொறியியல் நிறுவனத்தை அழைத்துப் பார்த்ததில் மின்கசிவுக்கான அடையாளமே இல்லை. வேறு வழியில்லாமல் ஏப்ரல் 7ஆம் தேதி மெஷினை மறுபடி ஓட்டினார்கள்.

ஏப்ரல் 11. மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை, அதே ஆபரேட்டர், அதே எழுத்துத் திருத்தம், அதே 54. இந்தத் தடவை ஒலிபெருக்கி வேலை செய்தது. முகத்தில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த நோயாளியின் முனகல் வெளியே கேட்டது. மே 1ஆம் தேதி அவர் இறந்தார்.

எட்டு நொடி

கம்பெனிக்குக் கிடைக்காத பிழையைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர்: அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகரும் அந்த ஆபரேட்டரும். ஹேகர் மெஷினை நிறுத்தினார். ஆபரேட்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அன்று என்ன செய்தீர்களோ அதையே செய்யுங்கள் என்றார். அந்தப் பெண்ணுக்குத் தான் தொட்ட ஒவ்வொரு சாவியும் நினைவிருந்தது. திரும்பத் திரும்பச் செய்துபார்த்தார்கள். கடைசியில் விஷயம் பிடிபட்டது. எதைத் தட்டினார் என்பது பாதிதான். எவ்வளவு வேகமாகத் தட்டினார் என்பதுதான் மீதி.

மெஷினில் கற்றையைத் திருப்பும் காந்தங்கள் நிலைக்கு வர ஏறக்குறைய 8 நொடி ஆகும். அந்த 8 நொடிக்குள் திருத்தி முடித்துவிட்டால், மென்பொருளின் ஒரு பகுதிக்குத் திருத்தம் போய்ச் சேரும். இன்னொரு பகுதிக்குச் சேராது. திரையில் எலக்ட்ரான் என்று இருக்கும். உள்ளே எக்ஸ்ரேவுக்கான முழு வேகக் கற்றை, நடுவில் தடுக்கவேண்டிய தகடு இல்லாமல் பாயும். ஹேகர் இதைத் தொலைபேசியில் கம்பெனிக்குச் சொன்னார். அவர்கள் செய்துபார்த்தார்கள், வரவில்லை. வேகமாகத் தட்டவேண்டும் என்று விளக்கிய பிறகுதான் அவர்கள் கண்ணிலும் 54 தெரிந்தது. சோதிக்க வந்த பொறியாளர்கள் கவனமாக, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருக்கிறார்கள். அந்த நிதானம் பிழையை மறைத்துவிட்டது. தினமும் அதே வேலையைச் செய்து கை தேறிய ஒருவரிடம் மட்டுமே அது வந்தது.

கம்பெனி முதலில் சொன்ன பரிகாரம் என்ன தெரியுமா? விசைப்பலகையில் மேல் அம்புச் சாவியின் மூடியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தை இன்சுலேஷன் டேப்பால் அடைத்துவிடுங்கள் என்பது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இது போதாது என்றது.

இன்னொரு தகவலும் இதோடு சேர்ந்தது. இதே பிழை இதற்கு முந்தைய மாடலான தெராக்-20இலும் இருந்தது. ஆனால் அதில் மென்பொருளை நம்பாமல் இரும்பிலும் ஒயரிலும் தனியாகப் பாதுகாப்பு வைத்திருந்தார்கள். அங்கே பிழை வந்தபோதெல்லாம் ஃபியூஸ் போனது, மனிதர் பிழைத்தார். யாரும் காரணம் தேடவில்லை, ஃபியூஸை மாற்றிப்போட்டார்கள். ‘இத்தனை வருஷம் ஓடிய மென்பொருள்தானே’ என்ற நம்பிக்கையில் தெராக்-25இல் அந்தத் தனிப் பாதுகாப்புகளை நீக்கிவிட்டார்கள். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை இந்த மெஷினால் ஆறு பேருக்கு அளவு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. ஆறாவது விபத்து வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில். அதற்குக் காரணம் வேறொரு பிழை. ஓர் எண்ணிக்கை 255 வரை ஏறி, அடுத்து 0 ஆகிவிடும். 0 என்றால் ‘எல்லாம் சரி, சோதிக்க வேண்டாம்’ என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். 256இல் ஒரு தடவை வரும் அந்தக் கணத்தில் ஆபரேட்டர் சாவியை அழுத்தியிருக்க வேண்டும், அழுத்தியிருந்தார்.

சாம்பாரில் உப்பு

சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ வேலை பார்க்கும் எந்த டெவலப்பரையும் கேளுங்கள். அவர்களைத் தூங்கவிடாத பிழை எது? எப்போதும் வரும் பிழை அல்ல. தட்டினால் உடனே விழும் பிழையை மதியச் சாப்பாட்டுக்குள் சரிசெய்துவிடுவார்கள். எப்போதாவது வரும் பிழைதான் வாரக்கணக்கில் தின்னும். ‘ரீப்ரொட்யூஸ் ஆகலை’ என்பது அந்தத் தொழிலில் அதிகம் கேட்கும் வாக்கியங்களில் ஒன்று. ‘என் மெஷின்ல ஓடுதே’ என்பது இன்னொன்று. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. பிழையைத் திருத்த அதைப் பார்க்கவேண்டும். பார்க்க, அதை வரவழைக்க வேண்டும். வரவழைக்க, அது எதனால் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எதனால் வருகிறது என்று தெரிந்தால் திருத்தியே இருக்கலாம். இந்த வட்டத்துக்குள்தான் மாட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள்.

ஏன் சில பிழைகள் மட்டும் இப்படி? பெரும்பாலான நேரம் காரணம், ஒரே சமயத்தில் இரண்டு வேலை நடப்பது. ஒரு கூட்டுக்குடும்பத்து அடுக்களையை நினைத்துப்பாருங்கள். அடுப்பில் சாம்பார். மாமியார் வந்து ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்க்கிறார், உப்பு இல்லை. உப்பு ஜாடியை எடுக்க உள்ளறைக்குப் போகிறார். அந்த இடைவெளியில் மருமகள் வருகிறார், அவரும் ருசி பார்க்கிறார், உப்பு இல்லை. கையோடு கொண்டுவந்த உப்பைப் போட்டுவிட்டுப் போகிறார். மாமியார் திரும்பி வந்து தன் பங்குக்குப் போடுகிறார். சாம்பார் கரிக்கிறது. இதில் யார் செய்தது தவறு? இருவரும் செய்தது ஒரே முறை: பார், இல்லையென்றால் போடு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. பார்ப்பதற்கும் போடுவதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிறு சந்தில் இன்னொருவர் நுழைந்ததுதான் கேடு. வருஷத்தில் 364 நாள் சாம்பார் நன்றாகவே இருக்கும். ஏன் ஒருநாள் கரித்தது என்று கண்டுபிடிக்க நீங்கள் அடுக்களை வாசலில் போய் நின்றால், இருவரும் உங்களைப் பார்த்துப் பேச நின்றுவிடுவார்கள். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் நிற்கும்வரை சாம்பார் கரிக்காது.

மென்பொருள்காரர்கள் இதை ‘ரேஸ் கண்டிஷன்’ என்பார்கள். இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும் நிலை. டைலரின் 8 நொடி அப்படிப்பட்ட ஒரு சந்துதான்.

சோதித்துக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு வேலைகள், ஒவ்வொன்றிலும் பத்தே பத்து படிகள். ஒன்றோடொன்று பின்னி இவை நடக்கக்கூடிய வரிசைகள் 1,84,756. இன்றைய ஒரு வங்கிச் செயலியில் இரண்டு வேலைகளோ பத்துப் படிகளோ இல்லை. நூற்றுக்கணக்கான வேலைகள், லட்சக்கணக்கான படிகள். சோதிப்பவர் ஆயிரம் தடவை ஓட்டிப்பார்த்தாலும் பெரும்பாலும் அதே சில வரிசைகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவருடைய மெஷினில் கூட்டம் இல்லை, நெட்வொர்க் தாமதம் இல்லை. சம்பள நாள் காலை பத்து மணிக்கு லட்சம் பேர் உள்ளே வரும்போதுதான் அந்தச் சந்து திறக்கிறது.

முப்பது லட்சம் மணி நேரம்

2003 ஆகஸ்ட் 14 பிற்பகலில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி இருண்டது. அமெரிக்காவில் எட்டு மாநிலங்களும் கனடாவின் ஒன்டாரியோவும். ஐந்து கோடி மக்கள். மின்கம்பிகள் சூட்டில் தொய்ந்து மரக்கிளைகளில் உரசியது தொடக்கம். அது அவ்வளவு அபூர்வமான விஷயமில்லை. கட்டுப்பாட்டு அறையில் உடனே மணி அடித்திருந்தால் சுமையை மாற்றிவிட்டிருக்கலாம். ஒஹாயோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தில் அந்த மணி அடிக்கவில்லை. பிற்பகல் 2.14க்கு எச்சரிக்கை மென்பொருள் செத்துப்போனது. அது செத்ததற்கு எச்சரிக்கை கொடுக்க வேறு எதுவும் இல்லை. பழைய படத்தைக் காட்டிக்கொண்டிருந்த திரையை ஊழியர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தார்கள். 2.41க்கு முதன்மை சர்வர் விழுந்தது. மாற்று சர்வர் பொறுப்பேற்றது. அதே நிலையை அப்படியே வாங்கிக்கொண்டு 2.54க்கு அதுவும் விழுந்தது. நாலு மணி தாண்டியதும் எல்லாம் சரிந்தது.

மென்பொருளைச் செய்தது ஜெனரல் எலெக்ட்ரிக். பத்து லட்சம் வரிக்கு மேலான நிரலை வாரக்கணக்கில் அலசினார்கள். அங்கும் ஒரு ரேஸ் கண்டிஷன்: இரண்டு வேலைகள் ஒரே தகவல் இடத்தில் ஒரே சமயத்தில் எழுதிவிட்டதால் எச்சரிக்கைப் பகுதி முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டது. அதற்கு முன் பல இடங்களில் மொத்தம் 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடிய மென்பொருள் அது; அந்தச் சந்து ஒரு தடவையும் திறந்ததில்லை. கடைசியில் எப்படிப் பிடித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. வேண்டுமென்றே நிரலின் பல இடங்களில் தாமதத்தைப் புகுத்தினார்கள். மாமியாரை உள்ளறையிலேயே பத்து நிமிடம் நிற்கவைப்பது மாதிரி. சந்து அகலமானது, பிழை உள்ளே வந்தது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. பிழையைப் பார்ப்பதற்காகப் புரோகிராமர் நடுவில் ஒரு வரி எழுதுகிறார்: ‘இந்த இடத்துக்கு வந்ததும் திரையில் ஒரு சொல் அச்சிடு.’ அச்சிட எடுக்கும் நுண்ணொடியில் வரிசை மாறுகிறது, பிழை மறைகிறது. வரியை எடுத்துவிட்டால் திரும்பி வருகிறது. அளக்கப் போனால் அளக்கப்படுவதே மாறிவிடும் என்ற இயற்பியல் சிந்தனையோடு சேர்த்து இந்த வகைக்கு ‘ஹைசன்பக்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1985இல் டாண்டம் கணினி நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே, கணினிகள் ஏன் நிற்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஆராய்ந்த 132 மென்பொருள் கோளாறுகளில் ஒன்றே ஒன்றுதான் எப்போதும் வருகிற வகை. மீதி 131ம் மறுபடி முயன்றால் மறைந்துவிடும் வகை. காரணம் எளிது. எப்போதும் வரும் பிழைகளைச் சோதனையிலேயே பிடித்துத் திருத்திவிடுகிறார்கள். வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்து சேருவது வடிகட்டியில் சிக்காத மிச்சம்.

மறுபடி முயன்றால் சரியாகிறது என்பதால்தான் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற வைத்தியம் பலிக்கிறது. பல இடங்களில் நியாயமான வைத்தியம்தான். நடு இரவில் ஆஸ்பத்திரி பில்லிங் நின்றுபோனால் யாரும் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க முடியாது. ஆனால் அந்த ஒரு பொத்தானோடு நினைவகத்தில் இருந்த தடயமும் அழிந்துவிடுகிறது.

எல்லா மறையும் பிழைக்கும் இரட்டை வேலை காரணமல்ல. விண்டோஸ் 95இல் மில்லிநொடிகளை எண்ணும் ஓர் எண்ணிக்கை 49.7 நாளில் நிரம்பிவிடும். நிரம்பினால் கணினி உறையும். அந்தக் காலத்துக் கணினிகள் அதற்குள் வேறு ஏதாவது காரணத்தால் நின்றுவிடுவதால் பல வருஷம் இது யாருக்கும் தெரியவில்லை. 2003இல் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில் ஸ்கார்பீக் நகரில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. கிடைக்கக்கூடிய வாக்கைவிட அதிகமாக இருந்ததால் மட்டுமே மாட்டியது. 4,096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் புரண்டால் வரும் எண். எவ்வளவு சோதித்தும் மறுபடி வரவில்லை. விண்வெளியிலிருந்து வந்த ஒரு துகள் மோதியிருக்கலாம் என்ற விளக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

செவ்வாயில் ஒரு ரெக்கார்டு ரூம் சாவி

மறையும் பிழையை எப்படி நடத்தவேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து சிறந்த முன்மாதிரி பாத்ஃபைண்டர். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் கலம். இறங்கிச் சில நாட்களில் அதன் கணினி தானாக அணைந்து மறுபடி தொடங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் அன்றைய வேலை பாழ். நேரில் போய்ப் பார்க்க முடியாத இடம்.

நடந்தது இதுதான், நம் தாலுகா அலுவலகத்தில் வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். தாசில்தாருக்கு ஒரு ஃபைல் அவசரமாக வேண்டும். ரெக்கார்டு ரூம் சாவி அலுவலக உதவியாளரிடம். உதவியாளரோ உள்ளே தன் வேலையை முடித்துச் சாவியைக் கொடுக்கவிருந்த நேரத்தில், இடைநிலை ஊழியர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அவரை வெளியே ஏவிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் உதவியாளரைவிடப் பெரியவர்கள், ஆகவே ஏவலாம். தாசில்தார் எல்லோரையும்விடப் பெரியவர், ஆனாலும் காத்திருக்கிறார். தாசில்தார் குறித்த நேரத்தில் வேலையை முடிக்காததைக் கவனித்த காவலர், ஏதோ விபரீதம் என்று அலுவலகத்தையே பூட்டித் திறக்கிறார். கலத்தில் உதவியாளர் இடத்தில் இருந்தது வானிலைத் தகவல் சேகரிக்கும் வேலை. தாசில்தார் இடத்தில் தகவல் பாதையை நிர்வகிக்கும் வேலை.

கலத்தைச் செய்த ஜெட் உந்துவிசை ஆய்வகம் இரண்டு காரியங்களைச் செய்திருந்தது. நடப்பதையெல்லாம் பதிவுசெய்யும் கருவியை, சோதனை முடிந்ததென்று நீக்காமல், பறக்கும் மென்பொருளிலும் விட்டுவைத்திருந்தது. கலத்தின் நகல் ஒன்றைப் பூமியிலும் வைத்திருந்தது. நகலில் அதே சுமையைக் கொடுத்து ஓட்டவிட்டதில் 18 மணி நேரத்துக்குள் அங்கேயும் அணைந்தது. பதிவைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. தாசில்தார் காத்திருக்கும் சாவியை வைத்திருப்பவருக்கு, சாவி திரும்பும்வரை தாசில்தாரின் அதிகாரம் கிடைக்கும்படி செய்யும் வசதி மென்பொருளில் ஏற்கெனவே இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள். செவ்வாய்க்குச் செய்தி அனுப்பி அதை இயக்கினார்கள். மென்பொருள் குழுவின் தலைவர் கிளென் ரீவ்ஸ் இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதினார்: இறங்குவதற்கு முன்பே சோதனையில் இது தலைகாட்டியது, மறுபடி வரவழைக்க முடியாததால் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்படி வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் அறிக்கைகள் இந்தத் துறையில் குறைவு. அதனால்தான் 1997இன் அந்தப் பிழையை இன்றும் வகுப்பறையில் சொல்லிக்கொடுக்க முடிகிறது.

பிழையைத் திருத்திய பிறகும் ஒரு சங்கடம் மிச்சம் இருக்கிறது. திருத்தியாயிற்றா என்று எப்படித் தெரியும்? ஆயிரம் தடவைக்கு ஒருமுறை வரும் பிழை என்று வைத்துக்கொள்வோம். திருத்திவிட்டு நூறு தடவை ஓட்டிப் பார்த்து ‘வரவில்லை’ என்றால் அதற்கு மதிப்பே இல்லை. திருத்தாமல் இருந்தாலும் பெரும்பாலும் வந்திருக்காது. நூற்றுக்கு 95 பங்கு உறுதி வேண்டுமானால் ஏறக்குறைய 3,000 தடவை ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடவேண்டும். தலைக்குமேல் காலக்கெடு தொங்கும் ஓர் அலுவலகத்தில் அந்தப் பொறுமைக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? கூகுள் 2016இல் வெளியிட்ட கணக்கில், அவர்களுடைய சோதனைகளில் ஏறக்குறைய 16 விழுக்காடு இப்படி ஒருநேரம் தேறி ஒருநேரம் தவறும் வகையாக இருந்தன. அப்படிப்பட்ட சோதனை சிவப்பு காட்டினால் டெவலப்பர் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கிறார், பச்சை வந்ததும் நகர்ந்துவிடுகிறார். நிஜமான பிழையும் அந்தப் பழக்கத்திலேயே தப்பித்துப்போகிறது.

கருவிகள் வந்திருக்கின்றன. ஒரு நிரல் ஓடியதை முழுதாகப் பதிவுசெய்து, அதே வரிசையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டிக்காட்டும் கருவி மொசில்லாவில் பிறந்தது. எழுதுவதற்கு முன்பே வடிவமைப்பைக் கணிதமாக எழுதி எல்லா வரிசைகளையும் இயந்திரத்தால் ஆராயும் முறையைக் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் கொடுத்தார். அமேசான் அதைப் பயன்படுத்தியபோது, 35 படிகள் குறிப்பிட்ட வரிசையில் நடந்தால் மட்டுமே வரும் ஒரு பிழை சிக்கியது. எந்த மனிதச் சோதனையும் அந்த வரிசையை யோசித்திருக்காது. இவற்றைக் கற்றுக்கொடுக்கும் பொறியியல் கல்லூரிகள் பெருகவேண்டும்.

‘உங்களுக்கு மட்டும்தான்’

தொழில்நுட்பச் சிரமத்தைப் புரிந்துகொள்ளலாம், மன்னிக்கவும் செய்யலாம். அதற்கடுத்த படி மன்னிக்க முடியாதது. ‘எங்களால் வரவழைக்க முடியவில்லை’ என்பது ‘அப்படி நடக்கவே இல்லை’ என்று மாறி, ‘நீங்கள்தான் ஏதோ செய்திருக்கிறீர்கள்’ என்று முடிவது.

பிரிட்டனில் பெரும்பாலான கிளை அஞ்சலகங்களைத் தனியார்தான் ஒப்பந்தத்தில் நடத்துவார்கள். மளிகைக்கடையின் ஒரு மூலையில் அஞ்சல் கவுன்டர் இருக்கும். 1999 முதல் அவர்களுக்கு ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள் வந்தது; நடத்தியது ஃபுஜிட்சு. மாலையில் கணக்கு முடித்தால் பணம் குறைவதாகக் காட்டும். குறைந்ததைக் கைக்காசு போட்டு நிரப்பவேண்டும் என்பது ஒப்பந்தம். உதவி எண்ணுக்கு அழைத்தால் ‘வேறு யாருக்கும் இப்படி இல்லை, உங்களுக்கு மட்டும்தான்’ என்ற பதில் கிடைத்ததாக ஒருவருக்கொருவர் தெரியாத பலர் பின்னால் சாட்சி சொன்னார்கள். ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க்கில் கேலண்டர் ஸ்கொயர் என்ற கிளையில் வெளிப்பட்ட பிழை ஓர் உதாரணம். ஒரு கவுன்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றிப் பதிந்தால் சில சமயம் மறு கவுன்டரில் அது தெரியாது. பதிவாகவில்லை என்று நினைத்து மறுபடி பதிவார்கள். பிறகு இரண்டும் கணக்கில் ஏறும். சில சமயம், சில கிளைகள். 2000த்திலிருந்தே இருந்த அந்தப் பிழை 2006இல்தான் சரிசெய்யப்பட்டது.

இதற்கிடையில் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குகள். 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை. வீட்டை விற்றவர்கள், சிறை சென்றவர்கள், ஊரில் தலைநிமிர முடியாமல் இடம்பெயர்ந்தவர்கள். குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் விசாரணைக் குழுவின் அறிக்கை சொன்னது. ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் அஞ்சலகக்காரர் 500க்கும் மேற்பட்டவர்களைத் திரட்டித் தொடுத்த வழக்கில், மென்பொருளில் பிழைகள் உண்டு என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்தது.

அத்தனை ஆண்டு நீதிமன்றங்கள் எப்படி ஏமாந்தன? கணினிச் சான்றைக் கொண்டுவருபவரே கணினி ஒழுங்காக ஓடியதைக் காட்டவேண்டும் என்று இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. அதன்பின் கணினி சரியாக ஓடியது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லையென்பவர் காட்டவேண்டும். ஒரு மளிகைக்கடைக்காரர், எங்கோ ஒரு சர்வரில் எப்போதோ வந்து மறைந்த பிழையை எதை வைத்துக் காட்டுவார்? அதைச் செய்தவர்களாலேயே வரவழைக்க முடியாத பிழை அது.

நமக்கும் இது தூரத்து விஷயமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணு ஆவணத்தைச் சான்றாக வைக்க, அந்தக் காலம் முழுக்கக் கணினி முறையாக இயங்கியது, இயங்காத நேரம் இருந்தால் அது ஆவணத்தைப் பாதிக்கவில்லை என்பது நிபந்தனை. பொறுப்பாளரும் ஒரு நிபுணரும் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். இங்கிலாந்து கைவிட்டதை நம் சட்டம் வைத்திருப்பது நல்லது. ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் பிழைப் பதிவேடு இருக்கிறதா? ‘மறுபடி வரவில்லை’ என்று மூடிவைத்த புகார்களின் பட்டியலை எதிர்த்தரப்பு கேட்டால் கிடைக்குமா? கூட்டுறவு வங்கிக் காசாளரும் ரேஷன் கடை ஊழியரும் மின்னணுக் கணக்கின் பேரில் கேள்வி கேட்கப்படும் காலம் இது. அவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

டெவலப்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘ரீப்ரொட்யூஸ் ஆகலை’ என்று டிக்கெட்டை மூடும் முன் அதைச் சொன்னவரோடு ஒரு தடவை பேசுங்கள். அவர் கை எவ்வளவு வேகமாகப் போனது என்று கேளுங்கள். அடுத்த தடவை வந்தால் பிடிபடும்படி லாக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டு மூடுங்கள்.

இதைப் படிக்கும் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஏடிஎம்மிலோ, பில்லிங் கவுன்டரிலோ, ஆஸ்பத்திரித் திரையிலோ கணக்கு தவறாக ஒரு கணம் தெரிந்து மறைந்தால், கண் தடுமாறியதாக நினைத்து விட்டுவிடாதீர்கள். தேதியையும் மணியையும் நிமிடத்தையும் எழுதிவையுங்கள். திரையைப் படம் எடுங்கள். கடைசியாக எதை எந்த வரிசையில் அழுத்தினீர்கள் என்று மறப்பதற்குள் குறித்துவிடுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.